குளத்தை விட்டுப் போன ஆமை

மலையடிக் காட்டுக் குளம் வற்றிக்கொண்டே வந்தது. இரண்டு மழைக்காலம் பொய்த்துவிட்டது. அந்தக் குளத்துக்கு ஓர் ஆமை குடிவந்ததும் அதே நேரத்தில்தான். பழி போட இது போதாதா?

“எல்லாம் இவ வந்த நேரம்!” என்றது தவளை.

குளத்துக்குப் பெரிய தலை காட்டெருமை. தீர விசாரிக்கிற பழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. “உடனே கிளம்பு!” என்று ஆமையிடம் உறுமியது.

“வெளியில எங்கேயும் தண்ணி இல்லையே அண்ணே! நான் எங்கே போவேன்?”

ஆமை காய்ந்த ஓடைவழியே நடந்து போனது. மழை என்னவோ வரவில்லை.

சில நாள் கழித்து, கடல் தாண்டிப் பறக்கும் ஆலாப் பறவை ஒன்று அங்கே இறங்கியது.

“இங்க வறட்சியா? கடலுக்கு அந்தப் பக்கம் ஒரே வெள்ளம்! அங்க கடல் ரொம்பச் சூடாகிக் கிடக்கு. அதனால காத்தோட பாதையே மாறிப்போச்சு. மழையெல்லாம் அங்கேயே கொட்டுது. கடல் ஆறினாத்தான் காத்து இந்தப் பக்கம் திரும்பும். இன்னொரு கூத்தைக் கேளுங்க! வெள்ளத்துக்குக் காரணம் ஓர் ஓணான்னு சொல்லி, அதைத் துரத்திட்டாங்க!”

“ஓணானாலே வெள்ளமா? அட முட்டாள்களா!” தவளை விழுந்து விழுந்து சிரித்தது. காட்டெருமையும் சிரித்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தன.

“நீ போய் ஆமையைக் கூட்டிட்டு வா,” என்றது காட்டெருமை.

“நான் எந்த முகத்தோட போவேன்? போகச் சொன்னது நீங்கதானே!”

“ஆரம்பிச்சு வச்சது நீ!”

அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கால் நகரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று கோடையே போய்விட்டது. காற்று திரும்பியது. மழை கொட்டிக் குளம் நிரம்பியது. அதன் பிறகுதான் இரண்டும் ஓடையோரம் தேடிப் போயின.

ஆமை ஒரு பாறை இடுக்கில் எலும்பும் தோலுமாகக் கிடந்தது. அவற்றைக் கண்டதும் ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டது.

“வாக்கா, குளம் நிறைஞ்சிடுச்சு!” என்றது தவளை.

“வேண்டாம்! நான் போன பிறகுதானே மழை வந்துச்சு. நீங்க சொன்னது சரிதான். நான் வந்தா மறுபடியும் வத்திடும்!”

காட்டெருமை தலைகுனிந்து, காற்றின் கதையை முழுவதும் சொன்னது. தவளை அழுதது. மழைக்கு முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்கும்; இப்போது ஆமை நம்பவும் இல்லை, குளத்துக்குத் திரும்பவும் இல்லை.

காரணம் தெரியாமல் பழி போடுவது தவறு. தெரிந்த பிறகும் வெட்கப்பட்டு வாய்மூடி இருப்பது அதைவிடப் பெரிய தவறு.