ஹேண்டில்பார் மீது ஒரு விசாரணை

தூத்துக்குடியில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. நெடும்பயணத்துக்கென்றே செய்த வண்டி. ஆனால் வேகம் எண்பதைத் தொட்டால் போதும், அதன் ஹேண்டில்பாருக்குச் சாமி வந்துவிடும். சாமி வந்தவர்கள் குறியாவது சொல்வார்கள். இது வெறுமனே ஆடும்.

"பாய், வியாழக்கிழமை லடாக் கிளம்புதேன். இந்த ஹேண்டில்பாரைத் தூக்கி எறிஞ்சிட்டு வேற மாட்டுங்க" என்றார் வண்டிக்காரர் மரியசெல்வன்.

"டீயைக் குடிச்சிட்டு வந்து பார்ப்போம் சார்" என்றார் மெக்கானிக் சாகுல். இருவரும் டீக்கடைக்கு நடந்தார்கள்.

ஹேண்டில்பார் பட்டறையின் மூலையைப் பார்த்தது. துருப்பிடித்த ஹேண்டில்பார்கள் ஐந்தாறு அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பழைய இரும்புக்காரர் மாலையில் வருவார்.

வண்டியின் பின்னால் மாட்டிய சாமான் பெட்டி தொண்டையைச் செருமியது. எல்லாருக்கும் மேலே உட்கார்ந்திருப்பதால் விசாரணை எதுவானாலும் அதுதான் தலைமை. யாரும் நியமித்ததில்லை, யாரும் ஏனென்று கேட்டதும் இல்லை.

"எண்பதுல ஆடுறது யாருலே?"

"நான்தான் ஐயா" என்றது ஹேண்டில்பார். "ஆனா பின்னால இருந்து யாரோ பிடிச்சு உலுக்குத மாதிரி இருக்கு."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. முன்சக்கரமே, நீ பார்த்தியா?"

"பார்த்தேன் ஐயா. நானும் கூடச் சேர்ந்துதான் ஆடினேன். நீங்க ஏறி உட்கார்ந்ததுல இருந்து எனக்குக் கால் தரையில பாவ மாட்டேங்கு."

"அது உன் சொந்தப் பிரச்சினை."

அப்போது பின்சக்கரத்தைத் தாங்கும் கவைக்கு உள்ளேயிருந்து ஓர் ஈனக்குரல் வந்தது. கவை ஆடாமல் பிடித்துக்கொண்டு அங்கே ஒளிந்து வாழும் ரப்பர் புஷ்ஷின் குரல். "ஐயா, உங்க பாரத்துல நான் தேஞ்சு பாதியாயிட்டேன்."

"முகத்தைக் காட்டாதவன் சாட்சி செல்லாது" என்றது பெட்டி. "ஆடினவனே குற்றவாளி. பழைய இரும்புக்குப் போகட்டும்."

ஹேண்டில்பார் தன் இரண்டு கண்ணாடிகளையும் தாழ்த்திக்கொண்டது.

சாகுல் மரியசெல்வனோடு திரும்பி வந்தார். ஹேண்டில்பாரை அவர் தொடவே இல்லை. வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். 'டக் டக்' என்றது. பிறகு பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சார், இது என்ன?"

"கிரைண்டர், பாய். சின்னதுதான், ரெண்டு லிட்டர். லடாக்ல இட்லி மாவுக்கு எங்க போவேன்?"

"ஒரு மாசம் ரொட்டி தின்னா ஒண்ணும் ஆயிறாது. இது இங்கயே இருக்கட்டும், என் வீட்டுக்காரி பார்த்துக்கிடுவா."

புது புஷ் ஏறியது. கிரைண்டர் இறங்கியது. பெட்டிக்குள் ஒரு மழைக்கோட்டு மட்டும் மிஞ்சியது.

வியாழக்கிழமை எட்டயபுரம் தாண்டியதும் வண்டி நூறைத் தொட்டது. ஹேண்டில்பார் அசையவில்லை.

பெட்டி பின்னாலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னது: "பார்த்தீங்களாலே? ஒரு தடவை கண்டிச்சேன், பய திருந்திட்டான்."