அத்திமரத்துக் காவல்

மரங்களெல்லாம் மூப்படைந்துவிட்ட ஒரு காட்டில், ஓடையை ஒட்டிய மேட்டில், ஓர் அத்திமரத்தின் மேல் மந்தி ஒன்று தனியாக இருந்தது.

காட்டில் புலி இருந்தவரை அதற்கு ஒரு வேலை இருந்தது. மந்தி மேலிருந்து தழையும் பழமும் உதிர்க்கும். புள்ளிமான்கள் கீழே நின்று தின்னும். புலியின் வால் நுனி தெரிந்தால் போதும், மந்தி "கக்! கக்!" என்று குரல் கொடுக்கும். மான்கள் ஓட்டம் பிடிக்கும்.

ஒரு சமயம் புலி காட்டில் அடியோடு இல்லாமல் போயிற்று. காவல் வேலையும் போயிற்று. மான்கள் நாள் முழுதும் ஓடைக்கரையிலேயே கிடந்து, வந்த மரக்கன்றையெல்லாம் முளையிலேயே தின்றன. வேர்ப்பிடிப்பு இல்லாத கரை மழைக்குச் சரிந்தது. கரையில் பொந்து வைத்திருந்த மீன்கொத்தி பறந்துபோயிற்று. தழை குறையவே மந்திக் கூட்டமும் மலைக்கு அப்பால் போயிற்று. இந்த மந்தி மட்டும் போகவில்லை. காவல் மரத்தை எப்படி விட்டுப் போவது?

"மரத்தடிக்கு வாருங்களேன், பழம் போடுகிறேன்" என்று மான்களைக் கூப்பிடும்.

"உன் பழம் யாருக்கு வேண்டும்? கரையிலே விருந்தே கிடக்கிறது" என்று அவற்றின் தலைவன் நெட்டைக்கொம்பன் சொல்லிவிடும்.

பல் போன ஒரு கிழட்டு மான் மட்டும் மாலையில் வந்து நிற்கும். பழுத்த பழம்தான் அதற்கு மெல்ல வரும்.

"இன்று என்ன தெரிகிறது?" என்று கேட்கும்.

"ஒன்றும் தெரியவில்லை" என்று மந்தி சொல்லும்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்காகவே மந்தி பகலெல்லாம் காத்திருக்கும்.

ஏழு மழைக்காலம் கழித்து, வேறு காட்டிலிருந்து ஒரு பெண்புலி வந்து சேர்ந்தது. மறுநாளே மான்கள் அத்திமரத்தடியில் கூடிவிட்டன.

"மந்தியக்கா, சௌக்கியமா?" என்றது நெட்டைக்கொம்பன்.

"ஏழு வருடமாக இல்லாத அக்கா இன்று எங்கிருந்து முளைத்தாள்?"

"பழசை விடுங்கள் அக்கா. ஒரே ஓர் உதவி. புலி எங்கே போனாலும் மரத்துக்கு மரம் தாவிப் பின்னாலேயே போய்க் கத்துங்கள். இரை கிடைக்காமல் அதுவாகவே காட்டை விட்டு ஓடிவிடும்."

மரத்தடி நிறைந்திருந்ததைப் பார்த்து மந்தி ஒப்புக்கொண்டது. பன்னிரண்டு நாள் புலியின் தலைக்கு மேலேயே கத்தியது. புலிக்கு விலா எலும்பு தெரிந்தது.

பதின்மூன்றாம் நாள் புலி அத்திமரத்தடியில் வந்து படுத்து, அண்ணாந்து பார்த்தது.

"தொண்டை வலிக்கவில்லையா?"

"வலிக்கிறது."

"நாளை நான் போய்விடுவேன். அப்புறம் உன் மரத்தடிக்கு யார் வருவார்கள்?"

மந்தி ஓடைக்கரையைப் பார்த்தது. பயந்துபோன மான்கள் பன்னிரண்டு நாளாக அங்கே வாய் வைக்கவில்லை. சரிந்த மண்ணில் நாவல் கன்றுகள் விரல் உயரம் நின்றன.

"என் மரத்திலிருந்து நீ தெரிந்தால் கத்துவேன். உன் பின்னால் வரமாட்டேன்" என்றது.

"அது நியாயம்" என்று எழுந்து போயிற்று புலி.

புலி போனபின் மரத்தடிக்குத் திரும்பிய மான்களிடம் மந்தி நடந்ததைச் சொன்னது. "துரோகி!" என்று கத்தியது நெட்டைக்கொம்பன். ஆனாலும் மரத்தடியை விட்டு நகரவில்லை.

மூன்றாம் நாள், மரத்திலிருந்து தெரியாத ஓடை வளைவில், புலி கிழட்டு மானைப் பிடித்தது. அன்று மாலை மந்தி ஒரு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தது.

அடுத்த மழைக்குக் கரை சரியவில்லை. மீன்கொத்தி திரும்பி வந்து பொந்து தோண்டிற்று. மான்கள் கரையில் நாலு வாய் மேயும், நிமிர்ந்து மந்தியைப் பார்க்கும், நகர்ந்துவிடும்.

மந்தி மகிழ்ந்ததா என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. இன்றும் மாலையானால் அது ஒரு பழத்தைக் கீழே போடும். அந்த வேளையில் தின்ன யாரும் வருவதில்லை. பழம் மேட்டிலிருந்து உருண்டு கரைக்குப் போய்விடும். அங்கே ஓர் அத்திக் கன்று முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது.

நீதி: அச்சம் தருவதைத் துரத்தினால், அது காத்துவந்ததும் கூடவே போய்விடும்.