ராசா மிதித்த ஏற்றம்

தெருமுனையில் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கவும் இப்போது வண்டியை உதைக்கிறார்கள். ஒரு மாடி ஏறுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார்கள். அப்புறம் சர்க்கரை, கொதிப்பு என்று மாத்திரைப் பையோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, “இது எப்படி வந்துச்சுன்னே தெரியலையே” என்று பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கிறார்கள். சொன்னால் கோபம் வரும். இது புதுப் பழக்கமும் இல்லை. முன்னொரு காலத்தில், வண்டி இல்லாத குறையைப் பல்லக்கு தீர்த்துவைத்தது.

அந்தக் காலத்தில் ஒரு நாட்டைக் கீர்த்திவளவன் என்ற ராசா ஆண்டுவந்தார். முடிசூடியவரின் பாதம் மண்ணில் படக்கூடாது என்பது அந்த வம்சத்து முறை. கட்டிலை விட்டால் பல்லக்கு, பல்லக்கை விட்டால் சிம்மாசனம். குளிக்கப் போவதும் பல்லக்கில்தான். ராணி மரகதவல்லிக்கும் அதே முறை.

முதலில் ராணிக்குத்தான் நோய் வந்தது. தீராத தாகம், ஆறாத புண், கடைசியில் கண்ணும் மங்கியது. “பூந்தோட்டம் வரைக்கும் நடந்து வருகிறேனே” என்று ஒருநாள் கெஞ்சிப் பார்த்தாள். ராசாவுக்கு மனசு இளகிவிட்டது. அவள் உடம்பு அலுங்காமல் இருக்கப் பல்லக்குக்கு இன்னும் இரண்டு ஆளைக் கூடுதலாகப் போட்டார்.

அரண்மனை விகடன் பிச்சாண்டி அன்றைக்குச் சபையிலேயே சொன்னான்: “ராணியம்மாவைத் தூக்குறவங்க எல்லாம் கல்லு மாதிரி இருக்காங்க. உக்காந்து போறவங்களுக்குத்தான் நோவு வருது. இடம் மாத்தி உக்கார வைங்க ராசா!”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராசாவும் சிரித்தார். மாசி முடிவதற்குள் ராணி போய்ச் சேர்ந்தாள்.

பிச்சாண்டி எழுத்துப் படிக்காத கிழவன். சபைக்கு வருமுன் ஊரில் ஏற்றம் மிதித்துத் தண்ணீர் இறைத்தவன். எவன் பேச்சையும் லேசில் நம்பமாட்டான். அன்றிலிருந்து தன் பேச்சின்மேலேயே அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது. மெய்யைச் சொன்னாலும் அவன் வாயிலிருந்து வந்தால் சிரிப்பாகிவிடுகிறது. அழுதுகொண்டு சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களோ? அந்த நினைப்பு அவன் சோற்றிலும் வந்து உட்கார்ந்தது.

ஆடி பிறந்ததும் ராசாவுக்கும் தாகம் வந்தது. அவர் சிறுநீர் விட்ட இடத்தில் எறும்பு மொய்த்தது. வைத்தியர் கசாயம் காய்ச்சி நீட்டினார். ராசா கிண்ணத்தைத் தட்டிவிட்டார்.

“கசப்பு என் நாவில் படக்கூடாது. ஆனால் நோய் அடங்கவேண்டும். எவருக்கேனும் வழி தெரியுமா?”

“நடக்கணும் ராசா” என்றான் பிச்சாண்டி. இந்தத் தடவை அவன் பல்லைக் காட்டவில்லை.

பிரதானி சொக்கலிங்கர் துள்ளி எழுந்தார். விகடனுக்கு ராசாவிடம் இருந்த செல்வாக்கு அவருக்கு வெகுநாளாகவே வயிற்றெரிச்சல். “மகாராஜா! முடிசூடிய பாதத்தை மண்ணில் வைக்கச் சொல்கிறான். இது முடியைக் கழற்றச் சொல்வதற்குச் சமம். இவன் அவ்வளவு கெட்டிக்காரன் என்றால், தங்கள் திருவடி மண்ணில் படாமலே நோயை அடக்கிக் காட்டட்டும். தை பிறக்குமுன் முடியாவிட்டால், இவன் எல்லையைத் தாண்டிப் போகட்டும்.”

“நல்ல யோசனை. என்ன பிச்சாண்டி?”

“ஆகட்டும் ராசா. மருந்து தோட்டத்துக் கிணத்துல இருக்கு. ஆனா நோவுக்காரரே இறைச்சாத்தான் கெடைக்கும். காலு மண்ணுல படாது, அதுக்கு நான் பொறுப்பு.”

மறுநாள் விடிந்ததும் பல்லக்கு கிணற்றருகே போய் நின்றது. அங்கே ஓர் ஏற்றம். நடுவில் கம்பத்தின்மேல் ஏறி இறங்கும் நீளமான மரம், அதன் ஒரு முனையில் கயிறும், தண்ணீர் மொள்ளும் சாலும். மரத்தின்மேல் ஏறி முன்னே போனால் சால் கிணற்றுக்குள் இறங்கும், பின்னே வந்தால் தண்ணீரோடு மேலே வரும். பிடித்துக்கொள்ள மூங்கில் கட்டியிருந்தது. ராசாவைப் பல்லக்கிலிருந்து நேரே மரத்தின்மேல் இறக்கிவிட்டான் பிச்சாண்டி. மரம் முனகியது. ராசாவும் முனகினார்.

“அடேய், ஆடுகிறதடா!”

“ஆடட்டும் ராசா. மூங்கிலப் புடிங்க. கீழ பாக்காதீங்க, வாங்க பின்னால.”

முதல் நாள் இரண்டு சால் இறைப்பதற்குள் ராசாவுக்கு நாக்குத் தள்ளியது. “மருந்து எங்கேடா?” என்றார்.

“இன்னும் அடியில கெடக்கு. நாளைக்குப் பாப்போம்.”

நாளைக்கும் அதையேதான் சொன்னான். ராசா திட்டுவார், மிதிப்பார், திட்டுவார். ஆவணி போயிற்று. புரட்டாசியில் திட்டு குறைந்தது. மூச்சு சீராகி, ஏற்றப்பாட்டு வாயில் வந்தது. ஐப்பசியில் இரவில் நாலு தடவை எழுந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பது நின்றது. இடுப்புக் கச்சை நழுவத் தொடங்கியது. தோட்டத்துக் கீரையெல்லாம் செழித்துக் கிடந்தது.

மார்கழிக் கடைசியில் சொக்கலிங்கர் சபையைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்கே வந்தார்.

“மகாராஜா, ஏமாந்தீர்கள்! அது ஊற்றுக்கிணறு. எந்தக் காலத்திலும் வற்றாது. அடியில் மருந்தும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. முறையை மீறித் தங்களை நடக்க வைத்திருக்கிறான்!”

ராசா மரத்தின்மேல் நின்றபடியே குனிந்து பிச்சாண்டியைப் பார்த்தார். “வற்றாது என்பது உனக்குத் தெரியுமா?”

“தெரியும் ராசா. வத்துற கெணறா இருந்தா ஒரு மாசத்துல எறங்கிருப்பீங்க. அதான் இதப் புடிச்சேன்.” கிழவன் பிரதானி பக்கம் திரும்பினான். “பிரதானி ஐயா, நீங்களே வந்து பாருங்க. ராசா உள்ளங்கால்ல ஒரு மண்ணு ஒட்டியிருந்தா இப்பவே எல்லையத் தாண்டுறேன்.”

ராசா மூங்கிலைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிக் காட்டினார். பாதம் காய்த்துப் போயிருந்தது, ஆனால் மண் இல்லை. சொக்கலிங்கர் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்ற கோலத்தில் ராசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மரம் ஆட ஆடச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“பிச்சாண்டி, அவளையும் நடக்க விட்டிருந்தால்?”

கிழவன் மரத்தோரம் நெருங்கி வந்தான்.

“இருந்திருக்கலாம் ராசா. இல்லாமலும் போயிருக்கலாம். எனக்கு என்ன தெரியும்? ஆனா அவங்க கேட்டாங்க. நாம விடல.”

ராசா மூங்கிலில் முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: “நோய் போய்விட்டதா?”

“போகல. படுத்திருக்கு. நீங்க மரத்த விட்டு எறங்குனா அது எழுந்திரிக்கும்.”

ராசா கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றிக் கிழவன் கையில் போட்டார். “இறங்கமாட்டேன். அவள்மேல் ஆணை. உயிருள்ள வரை இந்த மரத்தை மிதிப்பேன்.”

சொக்கலிங்கர் சளைக்கவில்லை. “மகாராஜா குணமானதற்கு நாளை பெருவிருந்து ஏற்பாடு செய்திருக்கிறேன். பாயசம் மட்டுமே ஐந்து வகை.”

ராசாவின் முகம் தெளிந்தது. “அப்படியா? பிச்சாண்டி, நாளைக்கு ஒருநாள் மட்டும் வேண்டாம். மறுநாளிலிருந்து தவறாது.”

பல்லக்கு மரத்தோரம் வந்து நின்றது. ராசா அதில் சாய்ந்துகொண்டு சிரித்தபடி கையசைத்தார்.

பிச்சாண்டி பல்லக்கைப் பார்த்தான், ராசாவைப் பார்த்தான். சாலைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தான். காப்பை மடியில் செருகிக்கொண்டு, வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

“என்னடா, நம்பிக்கை இல்லையா?” என்று ராசா பின்னாலிருந்து கத்தினார்.

கிழவன் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தான்.