ஊமத்தந்தேன் குடித்த காவல்காரி

ஆற்றங்கரை மருத மரத்துப் பொந்தில் ஒரு தேனீக் கூட்டம் குடியிருந்தது. புங்கமரம் பூத்துக் கொட்டிய ஒரு நாளில், வாசல் காவலுக்குப் புது ஆள் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். பொந்தே அமளிதுமளிப்பட்டது! அடை கட்டிக்கொண்டிருந்தவள் மெழுகைப் போட்டுவிட்டு ஓடினாள். குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தவள் பாதி வாயிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

எல்லாரையும்விட அதிகம் துள்ளியவள் சிலம்பாயி. முன்பு ஒருமுறை, கதண்டுக் குளவி ஒன்று குஞ்சுகளைத் தூக்க வந்தது. காவல்காரிகள் பந்தாகத் திரண்டு அதை மூடி, தங்கள் உடற்சூட்டாலேயே கொன்றதை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலையே பிடிக்கவில்லை. தூங்கும்போதுகூடக் கொடுக்கை நீட்டிக்கொண்டுதான் தூங்குவாள்.

ஆனால் அவளுக்குள் ஒரு முள் கிடந்தது. போன வறட்சியில் பூவே இல்லாதபோது, வள்ளிக்கண்ணு என்ற சேக்காளியோடு வேலியோர ஊமத்தம்பூவில் குடித்துப் பழகியிருந்தாள். அந்தத் தேன் தலையைக் கிறுகிறுக்க வைக்கும், வீட்டு வழியை மறக்கடிக்கும். ஒரு நாள் மண்ணில் மயங்கிக் கிடந்தவளை எறும்புகள் இழுக்க வந்தபோதுதான் புத்தி வந்தது. அதற்குப் பிறகு அந்த வேலிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

"கேட்டா இல்லைன்னு சொல்லிடுடி. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் தோழி பவளம்.

"வள்ளிக்கண்ணுக்குத் தெரியுமே."

"அவ எங்க வாயைத் திறக்கப் போறா? திறந்தா அவ வண்டவாளமும்ல வெளிய வரும்!"

ஆள் எடுத்தவள் காவல் தலைவி மூக்காயி. சிரிப்பு என்பதை எந்தப் பூவிலோ மறந்து வைத்துவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள். ஒவ்வொருத்தியையும் எதிரே நிறுத்திக் கேட்டாள். சிலம்பாயியின் முறையும் வந்தது.

"கதண்டு வந்தா ஓடுவியா?"

"மாட்டேன்க்கா!"

"ஊமத்தம்பூவில குடிச்சிருக்கியா?"

சிலம்பாயி நீட்டியிருந்த கொடுக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள். பவளம் பின்னாலிருந்து காலால் இடித்தாள்.

"இ... இல்லைக்கா."

"சரி. அடுத்த கேள்வி."

வேலை கிடைத்துவிட்டது! சிலம்பாயி வாசலில் ஏறி நின்றபோது அவளுக்குத் தரை தெரியவில்லை. வந்து போகிறவர்களை எல்லாம் மோந்து பார்த்தாள். வேற்றுக்கூட்டத்துத் திருடி ஒருத்தியை விரட்டியும் விட்டாள். இதைவிடச் சந்தோஷம் உலகத்தில் உண்டா?

வெயில் சாயும் நேரத்தில் வயிறு நிறையச் சுமையோடு தள்ளாடித் தள்ளாடி வந்து இறங்கினாள் வள்ளிக்கண்ணு. மற்றக் காவல்காரிகள் மோந்துவிட்டு, "நம்ம ஆளுதான், போ" என்றார்கள். சிலம்பாயிக்கோ அந்த வாடை பட்டதுமே உடம்பு சிலிர்த்தது. ஊமத்தந்தேன்!

"இதை உள்ள கொண்டுபோகாதடி. குஞ்சுகளுக்கு ஊட்டிடுவாங்க, எல்லாம் செத்துப்போகும்."

வள்ளிக்கண்ணு அவள் காதோரம் வந்து சிரித்தாள். "நீ குடிக்காததா? வழியை விடு. நீ வாயைத் திறந்தா நானும் திறப்பேன். அப்புறம் உன் காவல் என்னாகும்னு யோசிச்சுக்கோ."

சிலம்பாயியின் கால் தானாக விலகியது. வள்ளிக்கண்ணு ஓர் அடி உள்ளே வைத்தாள். அந்த நேரம் பார்த்து, உள் அடையிலிருந்து ஒரு குஞ்சு பசியில் நெளியும் ஓசை கேட்டது.

"பிடிங்கடி அவளை!" சிலம்பாயி போட்ட கத்தலில் மரத்துக் காக்கை பறந்தது. "ஊமத்தந்தேன்! எனக்குத் தெரியும். நானும் குடிச்சிருக்கேன்!"

காவல்காரிகள் பாய்ந்தார்கள். சுமை முழுவதும் வெளியே கக்க வைக்கப்பட்டது. கீழே அதை நக்கிய எறும்பு வட்டம் வட்டமாகச் சுற்றியதைப் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. கூட்டம் சிலம்பாயியைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

"பாம்பின் கால் பாம்பறியும்! இவளைத்தான் நிரந்தரமா வாசல்ல நிறுத்தணும்!"

மூக்காயி மட்டும் கொண்டாடவில்லை. "சிலம்பாயி, வாசலைவிட்டு இறங்கு."

"குஞ்சுகளைக் காப்பாத்தினவளையா?" என்று பவளம் சண்டைக்கு வந்தாள். "எப்பவோ குடிச்சதுக்கா இப்ப தண்டனை?"

"குடிச்சதை அவளே விட்டுட்டா. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. என்கிட்ட இல்லைன்னு சொன்னாளே, அதுக்குத்தான். மடியில கனம் இருந்தா வழியில பயம். வள்ளிக்கண்ணு மிரட்டினதும் இவ கால் விலகுச்சு. வாசல் ஓரமா நின்னு நான் பார்த்தேன்."

சிலம்பாயி வாசலைவிட்டு இறங்கினாள். அழுதாள். அது உண்மை என்பதால் இன்னும் அழுதாள்.

"அடுத்த புங்கம்பூவுக்கு வா" என்றாள் மூக்காயி, கொஞ்சம் தணிந்த குரலில்.

அந்த வருடம் முழுக்கச் சிலம்பாயி தண்ணீர் சுமந்தாள். ஊமத்தந்தேன் எப்படி மணக்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். சிலர் முதுகுக்குப் பின்னால் சிரிக்கத்தான் செய்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுபடியும் புங்கமரம் பூத்தது. விடிந்ததும் விடியாததுமாக வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

"கதண்டு வந்தா ஓடுவியா?"

"மாட்டேன்க்கா!"

"ஊமத்தம்பூவில..."

"குடிச்சிருக்கேன்க்கா!" அடையே அதிர்ந்தது. பொந்து முழுவதும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. பவளம் தலையில் அடித்துக்கொண்டாள்.

மூக்காயியின் முகத்தில், எந்தப் பூவிலிருந்தோ திரும்பி வந்த ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"சரி. அடுத்த கேள்வி."