பெட்டிமேல் ஒரு பெயர்

கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபையர் செய்வதில் பெரம்பூரில் ஜெசிந்தா டீச்சரை மிஞ்ச ஆள் கிடையாது. அவரிடம் தொழில் கற்ற ஞானசிகாமணி வயதில் மூத்தவர். ஆனாலும் டீச்சர் முன்னால் கைகட்டித்தான் நிற்பார்.

அன்று மட்டும் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. தானே செய்த முதல் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கி வந்திருந்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் பழைய ஆம்ப்ளிஃபையர் சத்தத்துக்கு ஊரே கிறங்கும். அதை அப்படியே பிடித்திருந்தார். சாயங்காலம் சர்ச் இசைக்குழு வந்து வாங்கிப்போவதாகப் பேச்சு. அதுதான் முதல் விற்பனை.

"டீச்சர், அடுத்தவன் சத்தத்தைக் காப்பியடிக்கிறது திருட்டா?"

"யாரையாவது கேட்டீங்களா?"

"வக்கீலைக் கேட்டேன். சத்தத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாதுன்னுட்டார். ஆனா மனசு கேக்கல."

டீச்சர் கிட்டாரை மாட்டி வாசித்தார். அடியில் கனம், ஓங்கி அடித்தால் லேசான கரகரப்பு. அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

"அசத்திட்டீங்கண்ணே. நானும் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கத்துக்கிட்டேன்."

ஞானசிகாமணிக்குத் தலைகால் புரியவில்லை.

டீச்சர் பெட்டியைத் தடவிப் பார்த்தார். மேல்விளிம்பில் ஒரு சுட்ட தழும்பு.

"இது என்னண்ணே?"

"ஒரிஜினல் போட்டோவுல இருந்துச்சு. ஊதுபத்தி வச்சு சுட்டேன்."

"எவனோ சிகரெட்டை வச்சிட்டு மறந்திருக்கான். அதையுமா விடல?"

ஞானசிகாமணி அசடு வழிந்தார்.

பெட்டியின் முகப்பில் அந்தக் கம்பெனியின் பெயர் பித்தளை எழுத்தில் மின்னியது.

"இதை வக்கீல்கிட்ட காட்டினீங்களா?"

"சத்தத்தைப் பத்தி மட்டும்தான் கேட்டேன்."

டீச்சர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பெயரைக் கழற்றி ஓரமாக வைத்தார். மறுபடி வாசித்தார்.

"சத்தம் மாறிச்சா?"

"இல்ல டீச்சர். ஆனா பேர் இல்லேன்னா யார் வாங்குவா? வர்றவங்க திரும்பிப் போயிடுவாங்க."

"போனாலும் போவாங்க. சரி, வாங்கிட்டாங்கன்னே வைங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனையில பாதிப் பாட்டுல இது நின்னுபோச்சு. யாரைத் தேடி வருவாங்க?"

"என்னைத்தான்."

டீச்சர் ஸ்க்ரூடிரைவரை அவர் கையில் கொடுத்தார்.

"அப்ப உங்க பேரைப் போடுங்க."