தையல்சிட்டு மூடிய இலைகள்

ஆறு வளைந்தோடும் ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரு தையல்சிட்டு வாழ்ந்தது. உடம்பு கட்டைவிரல் அளவுதான். ஆனால் அது செய்த வேலையைப் பார்த்தால் வாயைப் பிளப்பீர்கள்.

காட்டில் எல்லாரிடமும் ஒன்றைக் கேட்க வேண்டுமானால், சிட்டு வீட்டுக்கொரு தேக்கிலையில் கேள்வியைத் தைக்கும். மைனாக்கள் கொண்டுபோகும். விலங்குகள் பதிலாக இலையில் ஓட்டை போட்டு, ஓரத்தில் தங்கள் கால்தடத்தைப் பதித்துத் திருப்பி அனுப்பும். மைனாவிடம் கொடுக்கும்வரை சிட்டு எத்தனை தரம் வேண்டுமானாலும் பிரித்துத் தைக்கும். கொடுத்துவிட்டால் ஒரு தையலைக்கூடத் தொடாது. அவ்வளவு கண்டிப்பு!

அந்த ஆண்டு பேய்மழை கொட்டியது. அக்கரை மேட்டுக்குப் போனால்தான் பிழைக்கலாம். "நான் முதுகில் ஏற்றிக் கடத்துகிறேன். யார் எந்தத் துறையில் நிற்பார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்" என்றது யானை.

சிட்டு இலை தைத்தது. மருதத்துறைக்காக இடப்பக்கம் மருத இலைத் துண்டு. புங்கத்துறைக்காக வலப்பக்கம் புங்க இலைத் துண்டு. எந்தத் துறையோ அந்தப் பக்கம் ஆளுக்கு ஓர் ஓட்டை. முதல் இலையை ஆமையிடம் காட்டி, அதற்குப் புரிகிறது என்று தெரிந்த பிறகே மைனாக்களிடம் கொடுத்தது.

பாதி இலைகள் திரும்பி வந்தபோது மருதத்துறையின் கரை சரிந்து ஆற்றோடு போய்விட்டது. இனி அதற்குப் பதில் நாவல்துறைதான்.

அவசரக்காரக் குரங்கு துள்ளி வந்தது. "சிட்டக்கா, இதற்கா முகவாட்டம்? வந்த இலைகளில் மருதத் துண்டைப் பிய்த்துவிட்டு நாவல் துண்டைத் தைத்துவிடு. எல்லாரும் நாவல்துறைக்காரர்கள் ஆகிவிடுவார்கள்!"

"இலையில் ஆகிவிடுவார்கள். நிற்பது எங்கே நிற்பார்கள்?"

குரங்கு தலையைச் சொறிந்தது. "சரி, பழையதையெல்லாம் ஆற்றில் வீசிவிட்டுப் புதிதாகத் தொடங்கு."

"வீசவும் கூடாது தம்பி. மூட வேண்டும்."

வீடுகளில் கிடந்த இலைகளையும் மைனாக்கள் வாங்கி வந்தன. சிட்டு ஒவ்வொன்றையும் மடித்து விளிம்பைத் தைத்தது. இனி அதில் யாரும் புதிதாக ஓட்டை போட முடியாது. போட்ட ஓட்டைகள் அப்படியே இருக்கும். பிறகு நாவலும் புங்கமும் வைத்துப் புது இலை தைத்து, மறுபடியும் ஆமையிடம் காட்டியது.

"இப்போதுமா?" என்று குரங்கு பல்லைக் கடித்தது. சிட்டு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புது இலைகள் வந்து குவிந்தன. "கிளம்பலாம் யானையண்ணா!" என்று குரங்கு கத்தியது.

"பொறு" என்ற சிட்டு, பதில் வந்திருந்த ஒவ்வொரு பழைய இலைக்கும் பக்கத்தில் அதே கால்தடமுள்ள புது இலையை வைத்துப் பார்த்தது. ஒன்றே ஒன்றுக்கு ஜோடி இல்லை. மருதப் பக்கம் ஆறு ஓட்டைகள். முயலின் கால்தடம்.

"முயல் வீட்டில் யாருமே இல்லை" என்றது ஒரு மைனா.

"ஐயோ! குட்டிகளோடு முன்னதாகவே துறைக்குப் போயிருக்கிறாள்! ஓடுங்கள் அண்ணா, மருதத்துறைக்கு!" என்று பதறியது சிட்டு.

யானை ஓடியது. சரிந்த கரையில், ஒரு வேரின்மேல், முயல் தன் ஐந்து குட்டிகளையும் அணைத்தபடி நின்றிருந்தது. தண்ணீர் அதன் வயிறுவரை ஏறிவிட்டது. யானை ஒவ்வொருவராகத் துதிக்கையால் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு திரும்பியது.

"மருதத்துறை என்று சொல்லி அனுப்பினோமே. அதனால் அங்கேயே நின்றோம்" என்றது முயல்.

குரங்கு முயலின் பழைய இலையை இரண்டு கைகளாலும் எடுத்து, கசங்காமல் சிட்டிடம் கொடுத்தது.

நீதி: கேட்ட கேள்வியை மாற்ற நேர்ந்தால், முன்பே பதில் சொன்னவரைத் தேடிப்போய் மறுபடியும் கேள்.