முதலில் பிடுங்கியது

2022 நவம்பர் 14, திங்கட்கிழமை காலை பத்தரை மணி. ஒரு மடிக்கணினி, அதில் செருகும் சாமான்கள் நாலு. கொண்டுவந்தவர் பெயர் சற்குணம்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் இருந்தது அந்தப் பழுதுபார்க்கும் கடை. நடத்துபவர் மேலப்பாளையத்துக்காரர் ஜெசிமா. அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவர் ஆவுடையப்பன். ஆசிரியைக்கு வயது முப்பத்தெட்டு. மாணவருக்கு ஐம்பத்து நாலு.

ஆவுடையப்பன் பழைய டிவி மெக்கானிக். குண்டு டிவிகள் போனதோடு அவர் தொழிலும் போயிற்று. டிவி நின்றுவிட்டால் உள்ளே ஏதோ ஒரு பாகம் செத்திருக்கும். செத்ததைக் கழற்றி வேறொன்றை வைத்தால் படம் வந்துவிடும். கழற்றியதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். அந்த வழக்கத்தை அவர் இந்த மாடிக்கும் கொண்டுவந்திருந்தார். ஜெசிமா வேண்டாம் என்று சொன்னதில்லை.

அவர் ஜெசிமாவை டீச்சர் என்று கூப்பிடுவார். தொடக்கத்தில் அது கேலி. போகப் போக அதுவே பெயராகிவிட்டது.

சற்குணம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். இணையத்தில் செய்யும் வேலைகளும் அங்கே உண்டு. நவம்பரில் ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதைக் கைரேகை வைத்து மெய்ப்பிக்க வருவார்கள். அவருக்கு அதுதான் அறுவடைக் காலம்.

"கட்டைவிரலை வைக்கச் சொல்லுதோம். பாதியில அப்படியே உறைஞ்சு போவுது. அம்பு நகர மாட்டேங்கு, எழுத்து ஏற மாட்டேங்கு. அணைச்சுப் போட்டாத்தான் உண்டு. சனிக்கிழமை ஒரு தாத்தா கேக்காரு, 'நான் இருக்கேனா இல்லையா, ஒண்ணு சொல்லிருப்பா, வீட்டுல போய்ச் சொல்லணும்'னு."

ஆவுடையப்பன் சிரித்தார். சற்குணம் சிரிக்கவில்லை.

"எப்ப இருந்து இப்படி?" என்று ஜெசிமா கேட்டார்.

"இந்தப் பிள்ள வேலைக்கு வந்ததுல இருந்து."

அவருக்குப் பின்னால் துணிப்பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் பிரம்மசக்தி. பையிலிருந்து சாமான்களை எடுத்து மேசையில் வைத்தாள். கைரேகைக் கருவி, படம் எடுக்கும் கேமரா, கறுப்பு ஹார்ட் டிஸ்க், உள்ளங்கை அகல மின்விசிறி. நாலையும் சேர்த்துச் செருக நாலு வாய் கொண்ட ஒரு ஹப். மடிக்கணினியில் ஒரு யுஎஸ்பி வாய்தான் நல்லதாக இருந்தது. மற்றது உடைந்து வெகுநாளாகிறது.

"இந்த ஃபேன் யாருது?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"என்னுதுதான்," என்றாள் அந்தப் பெண்.

"காத்து வாங்கவா வேலைக்கு வந்தே?" என்றார் சற்குணம்.

"உங்க தலைக்கு மேல ஒண்ணு சுத்துதுல்லா சார். அது எனக்கு எட்டல."

"பாத்தியளா வாயை?" சற்குணம் ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, இவ கொண்டாந்து சொருகுனதுதான் காரணம்னா சொல்லிருங்க. இன்னியோட வீட்டுக்கு அனுப்பிருதேன். சீசன் நேரத்துல என்னால மாரடிக்க முடியாது."

படி இறங்கும்போது அந்தப் பெண் ஒரு நிமிடம் பின்தங்கினாள்.

"அண்ணாச்சி, பி.காம். முடிச்சு ரெண்டு வருஷம் சும்மா இருந்து கிடைச்ச வேலை. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்துத்தான் சொல்லுவேன் தாயி. நீ போ."

ஆவுடையப்பன் பார்க்கத்தான் செய்தார். அதில் குறை சொல்ல முடியாது. நாலையும் ஹப்பில் செருகி, ஹப்பை மடிக்கணினியில் செருகினார். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு அம்பு திரையின் நடுவே நின்றது. விசைகளைத் தட்டினார். ஒன்றும் அசையவில்லை.

அணைத்துப் போட்டார். விசிறியை மட்டும் பிடுங்கினார். ஓடியது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார், அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. விசிறியைத் திரும்பச் செருகினார். நின்றது. பிடுங்கினார், ஓடியது.

இதற்கு மேல் என்ன வேண்டும்? விசிறியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயை மடித்து ஸ்டேப்ளர் அடித்தார். சற்குணத்துக்கு போன் செய்தார். ஜெசிமா அப்போது மதியத் தொழுகைக்கு வீட்டுக்குப் போயிருந்தார்.

"ஆளைப் பிடிச்சாச்சு," என்றார் போனில். "ஃபேன்தான்."

"நினைச்சேன்," என்றார் சற்குணம்.

ஜெசிமா திரும்பி வந்தபோது உறை மேசையில் தயாராக இருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

ஆவுடையப்பன் தான் சோதித்ததைச் சொன்னார். ஒரு படியைக்கூட விடாமல், கொஞ்சம் பெருமையோடு சொன்னார்.

ஜெசிமா உறையைக் கிழித்தார். விசிறியை எடுத்து ஹப்பில் செருகினார். விசிறி சுற்றியது. கொஞ்ச நேரத்தில் மடிக்கணினி உறைந்தது.

"சொன்னேம்லா," என்றார் ஆவுடையப்பன்.

"கேமராவைப் பிடுங்குங்க. ஃபேன் அப்படியே சுத்தட்டும்."

கேமராவைப் பிடுங்கி, அணைத்துப் போட்டார். விசிறி சுற்றியது. மடிக்கணினி ஓடியது. நிற்கும் என்று காத்திருந்தார். நிற்கவில்லை.

"கேமராவை மாட்டிட்டு, ரேகை மெஷினைப் பிடுங்குங்க."

ஓடியது.

"அதையும் மாட்டிட்டு, ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்குங்க."

ஓடியது.

"அதுல என்ன இருக்கு?"

"பாட்டு. சற்குணம் கடையில கேக்கிறது."

ஜெசிமா நாலையும் திரும்ப மாட்டச் சொன்னார். நின்றது.

ஆவுடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். எதை எடுத்தாலும் ஓடுகிற ஒரு பழுதை அவர் டிவியில் பார்த்ததில்லை.

"அப்போ எதுதான் டீச்சர் கெட்டுப்போயிருக்கு?"

"ஒண்ணும் கெட்டுப்போகல. இந்த ஹப்புக்குன்னு தனியா கரன்ட் கிடையாது. லேப்டாப் ஒரு வாய் வழியா குடுக்கிறதை நாலு பேரும் பங்கு போடுறாங்க. மூணு பேருக்குப் போதும். நாலு பேருக்குப் பத்தாது."

மேசைக்கு அடியிலிருந்து வேறொரு ஹப்பை எடுத்தார். அதைத் தனியாகச் சுவரில் செருகலாம். நாலையும் அதில் மாட்டினார். சாயங்காலம் வரை மடிக்கணினி நிற்கவில்லை. விசிறியும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"சற்குணத்துக்குப் போன் பண்ணிட்டீங்களா?" என்று ஜெசிமா கேட்டார்.

"பண்ணிட்டேன்."

"எப்போ?"

"மத்தியானமே."

ஆவுடையப்பன் மடிக்கணினியையும் புது ஹப்பையும் பையில் போட்டுக்கொண்டு, மற்ற சாமான்களோடு சற்குணம் கடைக்கு அவரே போனார்.

கடையில் ஓரமாக இருந்த நாற்காலி காலியாக இருந்தது.

"அந்தப் பிள்ள எங்க?"

"அனுப்பியாச்சு. நீங்க போன் பண்ணும்போது பக்கத்துலதான் நின்னா. ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தேன்."

"அந்தப் பிள்ள மேல தப்பில்ல சற்குணம். ஃபேன் காரணமில்ல. உங்க பாட்டு டிஸ்க்கைப் பிடுங்குனாலும் ஓடுது."

சற்குணம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னவே இது? மத்தியானம் ஒண்ணு சொல்லுதீரு, சாயங்காலம் ஒண்ணு சொல்லுதீரு. எதை நம்ப?"

"இப்ப சொல்லுததை நம்பும். அந்தப் பிள்ளயைக் கூப்பிட்டு வரச் சொல்லும்."

சற்குணம் கொஞ்சம் யோசித்தார். வாசலில் மூன்று பேர் கட்டைவிரலோடு காத்திருந்தார்கள். போனை எடுத்தார். ஸ்பீக்கரில்தான் போட்டார்.

"ஏ பிள்ள, மெஷினு சரியாப் போச்சு. உன் மேல ஒண்ணும் இல்லையாம். நாளைக்கு வந்துரு."

அந்தப் பக்கம் பேருந்துச் சத்தம் கேட்டது.

"ஃபேனை மட்டும் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல வச்சிருங்க சார். தம்பி வந்து வாங்கிக்கிடுவான்."

"அட, வேலைக்கு வான்னு சொல்லுதேன்."

"அடுத்தாப்புல எது நின்னாலும் எங்கிட்ட இருந்துதான சார் ஆரம்பிப்பீங்க?"

போன் அணைந்தது. சற்குணம் ஆவுடையப்பனைப் பார்த்தார். "வாயைப் பாரும்," என்றார். அவர் குரலில் காலையில் இருந்த வேகம் இல்லை.

ஆவுடையப்பன் மாடிக்குத் திரும்பியபோது ஜெசிமா கடையைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ள வர மாட்டேன்னுட்டு," என்றார்.

ஜெசிமா தலையசைத்தார்.

"டீச்சர், நான் ஒண்ணும் குத்துமதிப்பாச் சொல்லலை. பிடுங்குனேன், ஓடுச்சு. மாட்டுனேன், நின்னுச்சு. மறுபடியும் பிடுங்கிப் பாத்தேன். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் செஞ்சேன். என் சோதனையில எங்க தப்பு?"

"சோதனையில தப்பில்ல அண்ணாச்சி."

"பெறவு?"

ஜெசிமா பூட்டை இழுத்துப் பார்த்தார். சாவியைப் பையில் போட்டார்.

"ஃபேன்னு வந்ததும் ஏன் நிறுத்திட்டீங்க?"

இருவரும் படி இறங்கினார்கள்.

டிசம்பர் 5-ஆம் தேதி சற்குணத்தின் கடையில் வேறொரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள்.